தட்டில் வராத சங்கீதம்

ஜவுளிக் கடையில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு பட்டுப் புடவை தொங்குகிறது. பார்த்தவுடன் உங்களுக்குப் பிடித்துவிடுகிறது. பணத்தைக் கொடுத்துப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வருகிறீர்கள். பிரித்துப் பார்த்தால், அதே நிறம், அதே கரை, அதே தலைப்பு. ஆனால் வேறொரு தறியில், வேறொருவர் நெய்த புடவை! மட்டமான சரக்கு என்று சொல்ல முடியாது. நல்ல புடவைதான். ஆனாலும் நீங்கள் பார்த்து ஆசைப்பட்டது அது இல்லையே? கடைக்காரரைச் சும்மா விட்டுவிடுவீர்களா?

சினிமா சங்கீத விஷயத்தில் எத்தனையோ பேர் இப்படி வேறு புடவையை வாங்கிக்கொண்டு வந்து, அது வேறு என்று தெரியாமலே சந்தோஷமாகவும் இருந்திருக்கிறார்கள். அந்தக் கதையைத்தான் இந்த வாரம் சொல்லப் போகிறேன்.

‘பென்-ஹர்’ படத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பார்க்காவிட்டாலும் அந்த ரதப் போட்டியைப் பற்றிக் கேள்விப்படாமல் இருக்க முடியாது. 1959ஆம் வருஷம் நவம்பரில் வெளிவந்த படம். எம்.ஜி.எம். கம்பெனியின் தயாரிப்பு. டைரக்டர் வில்லியம் வைலர். கதாநாயகன் சார்ல்டன் ஹெஸ்டன். மூன்றரை மணி நேரம் ஓடிய அந்தப் படத்துக்கு 11 ஆஸ்கார் பரிசுகள் கிடைத்தன. அவற்றில் ஒன்று பின்னணி இசைக்கு.

அந்த இசையை அமைத்தவர் பெயர் மிக்லோஷ் ரோஜா. ‘இது என்ன, நம் ஊர்ப் பெயர் மாதிரி இருக்கிறதே!’ என்கிறீர்களா? அவர் 1907ல் ஹங்கேரி நாட்டில் புடாபெஸ்ட் நகரத்தில் பிறந்தவர். ஹங்கேரி மொழியிலும் அந்தச் சொல்லுக்கு நம் ரோஜாப்பூ என்றுதான் அர்த்தம்!

நமக்கும் அவருக்கும் இன்னொரு சின்ன சம்பந்தமும் உண்டு. மைசூர்ப் பக்கத்து யானைப்பாகன் மகன் சாபு, ஹாலிவுட் வரை போய்ப் புகழ் பெற்றான் அல்லவா? அவன் நடித்த ‘பாக்தாத் திருடன்’ படத்துக்கும், 1942ல் வந்த ‘ஜங்கிள் புக்’ படத்துக்கும் இசை அமைத்தவர் இந்த ரோஜாதான். ‘ஜங்கிள் புக்’ இசை, சாபுவே கதை சொல்ல, கிராமபோன் தட்டுகளாக விற்பனைக்கு வந்தது. அமெரிக்கப் படங்களின் பின்னணி இசையைத் தட்டில் பதிந்து விற்கிற வழக்கத்துக்கு அது ஒரு முன்னோடி. அதற்கு முன்பு, பாட்டு என்றால் தட்டு உண்டு. பின்னணி இசையைத் தனியாக யார் காசு கொடுத்து வாங்கிக் கேட்பார்கள் என்று முதலாளிகள் சும்மா இருந்துவிட்டார்கள்.

‘பென்-ஹர்’ படத்துக்கு வருவோம்.

ரோஜா சும்மா மேளம் கொட்டுகிற ஆசாமி இல்லை. 1951ல் ‘கோவாடிஸ்’ என்ற ரோமாபுரிக் கதைக்கு இசை அமைத்தபோதே, பழைய கிரேக்கர்களும் ரோமர்களும் எப்படிப் பாடியிருப்பார்கள், எந்த வாத்தியங்களை வாசித்திருப்பார்கள் என்று புத்தகங்களைப் புரட்டி ஆராய்ந்தவர். அதனால் ‘பென்-ஹர்’ படத்தில் ஒரு வேடிக்கையான தகராறு நடந்தது. ஏசுநாதர் பிறக்கிற காட்சிக்கு, கிறிஸ்துமஸ் சமயத்தில் மாதா கோவில்களில் பாடுகிற ‘அதெஸ்தே பிதேலெஸ்’ என்ற பிரபலமான கீதத்தைப் போட்டுவிடலாமே என்றார் டைரக்டர். ரோஜாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த மெட்டு பதினெட்டாம் நூற்றாண்டுச் சரக்கு. பெத்லகேம் தொழுவத்தில் அது எப்படி ஒலிக்கும்? முடியவே முடியாது என்று பிடிவாதம் பிடித்துத் தாமே ஓர் எளிய மெட்டைப் போட்டுக் கொடுத்தார். இன்றைக்கும் படத்தில் இருப்பது அதுதான்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். அந்தப் படத்தில் ஏசுநாதரின் முகத்தை ஓர் இடத்திலாவது காட்டினார்களா? இல்லை. விலங்கு பூட்டி இழுத்துச் செல்லப்படும் கதாநாயகன் தாகத்தால் சுருண்டு விழுகிறான். ஒரு கை அவனுக்குத் தண்ணீர் கொடுக்கிறது. முதுகைப் பார்க்கிறோம், கையைப் பார்க்கிறோம், முகம் தெரிவதில்லை. பார்க்கிறவர்களுடைய மனத்தில் அந்த முகத்தை எழுதுகிற வேலை முழுவதும் சங்கீதத்தின் தலையில்! ரோஜா அந்த வேலையைச் செய்தார்.

இப்படிப் படத்தில் ஒலிக்கும் இசை மட்டுமே ஏறக்குறைய இரண்டரை மணி நேரம். எழுதியது அதற்கும் மேலே. ஸ்டூடியோவின் பெரிய வாத்திய கோஷ்டியைத் தாமே நடத்தி ரோஜா பதிவு செய்தார்.

படம் பார்த்தவர்கள் சொக்கிப்போய் ரிக்கார்டு கடைக்கு ஓடினார்கள். ‘பென்-ஹர்’ என்று அச்சிட்ட எல்.பி. தட்டு தயாராக இருந்தது. வாங்கினார்கள். வீட்டில் வைத்துக் கேட்டார்கள். அது ரோஜா எழுதிய இசைதான். ஆனால் படத்தில் ஒலித்த வாசிப்பு இல்லை! ரோம் நகரத்தில் வேறு ஒரு வாத்திய கோஷ்டியை வைத்து, கார்லோ சவீனா என்ற இத்தாலியர் நடத்திப் பதிவு செய்தது அது. ‘இன்னும் கொஞ்சம் பென்-ஹர் இசை’ என்று பிறகு ஒரு தட்டு வந்தது. அதை வாசித்தது ஜெர்மனியில் உள்ள கோஷ்டி. நடத்தியவர் எரிக் குளோஸ் என்பவர். கம்பெனி இதை ஒளிக்கவில்லை. உறையிலேயே பெயர்களை அச்சிட்டிருந்தது. உறையைப் படித்துவிட்டா நாம் பாட்டுக் கேட்கிறோம்?

ஏன் இந்தச் சுற்று வழி? காரணம் கணக்குப் பிள்ளையின் மேஜையில் இருக்கிறது. அமெரிக்காவில் வாத்தியக்காரர்களின் சங்கம் பலமானது. படத்துக்காக வாசித்ததை எடுத்துத் தட்டாகவும் விற்பதானால், வாசித்தவர்களுக்கு அதற்கென்று தனியாகக் கூலி கொடுக்க வேண்டும். நியாயமான ஏற்பாடுதான், அவர்கள் உழைப்பு இரண்டு தரம் விலைபோகிறது அல்லவா? ஆனால் கம்பெனிக்காரர்கள் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். ஐரோப்பாவில் வேறு கோஷ்டியை வைத்துப் புதிதாக வாசிக்கச் செய்வதே மலிவாக இருந்தது. தட்டிலும் இடம் போதாது. எல்.பி. தட்டின் ஒரு பக்கத்தில் இருபது, இருபத்தைந்து நிமிஷத்துக்கு மேல் அடக்குவது கஷ்டம். இரண்டரை மணி நேரத்து இசையை அதற்குள் எப்படி அடக்குவது? ஆகவே, முக்கியமான கட்டங்களை மட்டும் பொறுக்கி எடுத்தார்கள்.

சரி, ஸ்டூடியோவில் ரோஜா நடத்திய அசல் வாசிப்பு என்ன ஆயிற்று? அது சுருள்களாகக் கிட்டங்கியில் கிடந்தது.

இங்கேதான் கதையில் ஒரு விபரீதம் வருகிறது. 1969ல் எம்.ஜி.எம். கம்பெனி கைமாறியது. புது முதலாளிகளுக்குப் பணம் வேண்டும், இடம் வேண்டும். 1970ஆம் வருஷம் மே மாதத்தில், பழைய படங்களில் நடிகர்கள் அணிந்த உடைகளையும் சாமான்களையும் ஏலம் போட்டார்கள். ‘விஸார்ட் ஆப் ஆஸ்’ படத்தில் ஜூடி கார்லண்ட் அணிந்த சிவப்பு நிறச் செருப்பு ஒரு ஜோடி 15,000 டாலருக்குப் போயிற்று. செருப்புக்கு விலை இருந்தது. ஆனால் சங்கீத நூல் நிலையத்தில் அலமாரி அலமாரியாக அடுக்கியிருந்த காகிதங்களுக்கு யார் ஏலம் கேட்பார்கள்? ஒவ்வொரு வாத்தியக்காரரும் என்ன வாசிக்க வேண்டும் என்று எழுதிய தாள்கள், எல்லா வாத்தியங்களையும் ஒன்றாக எழுதிய பெரிய பிரதிகள், பல வருஷங்களாகப் பலர் கண் நோக எழுதியவை, எல்லாம் குப்பை லாரியில் ஏறிப் பள்ளத்தை நிரப்பப் போய்விட்டன. மிஞ்சியவை பெரும்பாலும், கோஷ்டியை நடத்துகிறவருக்காகச் சுருக்கி எழுதிய குறிப்புகள்தான்.

‘காகிதம் போனால் என்ன? படத்தில்தான் சங்கீதம் இருக்கிறதே!’ என்று உங்களுக்குத் தோன்றலாம். அந்த முதலாளிகளுக்கும் அப்படித்தான் தோன்றியிருக்க வேண்டும். ஆனால் படத்தில் இசை மட்டுமா இருக்கிறது? அதன் மேலே வசனம், குதிரைக் குளம்படி, கூட்டத்தின் கூச்சல் எல்லாம் ஏறியிருக்கின்றன. சாம்பாரில் கரைத்த புளியைத் திரும்ப உருண்டையாகப் பிடிக்க முடியுமா? ஜான் வில்ஸன் என்ற ஆங்கிலேயர், எம்.ஜி.எம். கம்பெனியின் பாட்டுப் படங்களைத் திரும்பத் திரும்பக் கேட்டு, மிஞ்சிய சுருக்கக் குறிப்புகளையும் துணைக்கு வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வாத்தியமும் என்ன வாசித்தது என்று காதாலேயே கண்டுபிடித்து மறுபடி எழுதினார். 2009ல் லண்டன் ஆல்பர்ட் மண்டபத்தில் அந்த இசையை வாசித்துக் காட்டினார். அந்தக் காகிதங்களைக் காப்பாற்றியிருந்தால் இந்தத் தவம் எதற்கு?

நல்ல வேளையாக, ‘பென்-ஹர்’ பதிவுகளுக்கு அந்தக் கதி ஏற்படவில்லை. இப்படிக் கிட்டங்கியில் கிடந்த பழைய பதிவிலிருந்து ஒரு முழுமையான தட்டைத் தயாரிப்பது எப்படி என்று தெரிந்துகொண்டால் உங்களுக்கு வியப்பாக இருக்கும். நம் உ.வே.சாமிநாதய்யர் சீவக சிந்தாமணியை 1887ல் பதிப்பிக்க என்ன பாடுபட்டார்! ஊர் ஊராக ஏட்டுச் சுவடிகளைத் தேடினார், ஒன்றோடொன்று ஒப்பிட்டார், பாடபேதங்களைக் குறித்துவைத்தார். இதுவும் ஏறக்குறைய அதே வேலைதான். ஏட்டுக்குப் பதில் சுருள். செல்லுக்குப் பதில் வினிகர்!

வினிகரா என்று கேட்காதீர்கள். அந்தக் காலத்தில் சங்கீதத்தைக் காந்தப் பூச்சுப் பூசிய பிலிம் சுருளில் பதிந்தார்கள். அந்த பிலிம் அஸிடேட் என்ற பொருளால் ஆனது. வருஷம் ஆக ஆக, உஷ்ணமும் ஈரமும் சேர்ந்தால் அது தானாகவே சிதையத் தொடங்கும். டப்பாவைத் திறந்தவுடன் புளித்த காடி நாற்றம் மூக்கைத் துளைக்கும். பிலிம் சுருங்கும், வளையும், பூச்சு பொடிப்பொடியாக உதிரும். ஒரு சுருளில் ஆரம்பித்த நோய் பக்கத்துச் சுருளுக்கும் பரவும். ஆகவே, இது பொழுதுபோகாமல் செய்கிற வேலை இல்லை. நாளுக்கு நாள் கரைந்துகொண்டிருக்கும் ஒன்றை விரட்டிப் பிடிக்கிற வேலை.

சுருளைத் திறந்தாயிற்று. இனி அதில் இருப்பது எந்தக் காட்சி இசை என்று தெரிய வேண்டும். அதற்கு ஓர் அடையாளம் உண்டு. ‘7 எம் 2’ என்று எழுதியிருந்தால், படத்தின் ஏழாவது ரீலில் இரண்டாவது இசைத் துண்டு என்று அர்த்தம். வாசிக்கத் தொடங்குவதற்கு முன்னால் ஒருவர் இந்த எண்ணையும், எத்தனையாவது தடவை வாசிக்கிறார்கள் என்பதையும் உரக்கச் சொல்லுவார். அந்தக் குரலும் சுருளில் இருக்கும். ஒரே துண்டை நான்கு தடவை, ஐந்து தடவை வாசித்திருப்பார்கள். படத்தில் சேர்ந்தது எது? சில சமயம் இரண்டாவது வாசிப்பின் முதல் பாதியையும், நான்காவது வாசிப்பின் பின் பாதியையும் ஒட்டியிருப்பார்கள். படத்தைப் பக்கத்தில் ஓடவிட்டு, வரி வரியாக ஒத்துப் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டும். சுருள் ஓடும் வேகத்தில் துளி வித்தியாசம் இருந்தாலும் சுருதி ஏறியோ இறங்கியோ போய்விடும். அதையும் சரிப்படுத்த வேண்டும்.

இதெல்லாம் பொறுமை இருந்தால் முடிகிற காரியம். கஷ்டமான காரியம் இனிமேல்தான் வருகிறது. தீர்ப்புச் சொல்ல வேண்டும்!

ரோஜா மூன்று நிமிஷத்துக்கு ஒரு துண்டை எழுதினார் என்று வைத்துக்கொள்ளுங்கள். காட்சியை வெட்டியபோது இசையிலும் ஒரு நிமிஷம் போய்விட்டது. தட்டில் எதைப் போடுவது? அவர் எழுதியதையா, ஜனங்கள் கேட்டதையா? ஒரு காட்சிக்கு முதலில் ஒரு மெட்டுப் போட்டு, அது சரிப்படவில்லை என்று இன்னொன்று போட்டிருந்தால்? பழைய மெட்டை நடுவில் சேர்த்தால் கதை குழம்பும். தூக்கி எறிந்தாலோ மறுபடி குப்பை லாரிக் கதைதான். பொதுவாக இந்த வேலை தெரிந்தவர்கள் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். படத்தின் வரிசையில் முழு இசை முதலில். பாடபேதங்கள் எல்லாம் பின்னால், அநுபந்தமாக. ஐயரவர்கள் அடிக்குறிப்புப் போட்ட மாதிரிதான்!

சுத்தம் செய்வதிலும் ஓர் அளவு வேண்டும். பழைய பதிவில் ‘உஸ்’ என்று ஒரு சத்தம் ஓடிக்கொண்டே இருக்கும். இன்றைய கம்ப்யூட்டர் அதை முழுவதுமாகத் துடைத்துவிடும். ஆனால் அதோடு மண்டபத்தின் காற்றையும், பிடிலின் நரம்பில் வில் உரசும் உயிரையும் சேர்த்துத் துடைத்துவிடும். வெள்ளிப் பாத்திரத்தைப் புளி போட்டுத் தேய்க்கிறேன் என்று அதன் மேலிருந்த வேலைப்பாட்டையே தேய்த்துவிடுகிற கதை ஆகிவிடும். நல்ல கைகாரர்கள் கொஞ்சம் சத்தத்தை விட்டுவைப்பார்கள். எங்கேயோ ஒரு நாற்காலி கிறீச்சிட்டால், இருக்கட்டும் என்று விட்டுவிடுவார்கள். மனிதர்கள் உட்கார்ந்து வாசித்தார்கள் என்பதற்கு அதுதானே சாட்சி?

‘பென்-ஹர்’ படத்தின் அசல் வாசிப்பு 1996ல் இரண்டு ஸி.டி. தட்டுகளாக வெளிவந்தது. ரைனோ என்ற கம்பெனி வெளியிட்டது. படம் வந்து 37 வருஷம்! ரோஜா அதைக் கேட்டாரா? அதுதான் வருத்தம். 1995 ஜூலையில் அவர் காலமாகிவிட்டார். 1977ல், தமது எழுபதாவது வயதில், லண்டனில் ஒரு கோஷ்டியைத் தாமே நடத்தி ‘பென்-ஹர்’ இசையில் ஒரு பகுதியை மறுபடி பதிவு செய்திருந்தார். அந்தத் திருப்தி அவருக்கு இருந்தது. ஆனால் 1959ல் தாம் நடத்திய வாசிப்பு முழுசாக ஜனங்கள் கைக்குப் போய்ச் சேர்வதை அவர் பார்க்கவில்லை.

1996ஆம் வருஷத் தட்டுகளோடு வேலை முடியவில்லை. 2012ல் ‘பிலிம் ஸ்கோர் மன்த்லி’ என்ற சங்கீத வெளியீட்டார் ஐந்து ஸி.டி. கொண்ட ஒரு பெட்டியைக் கொண்டுவந்தார்கள். படத்தின் முழு இசை, மாற்று வாசிப்புகள், அத்தோடு ரோமிலும் ஜெர்மனியிலும் வாசித்த அந்தப் பழைய தட்டுகளும்! 2017ல் பிராக் நகரத்து வாத்திய கோஷ்டி, நிக் ரெய்ன் என்பவர் நடத்த, முழு இசையையும் புதிதாக வாசித்தது.

‘ஐந்து தட்டையும் யாராவது உட்கார்ந்து கேட்பார்களா?’ என்கிறீர்கள். ஒரே மூச்சில் கேட்க மாட்டார்கள். கம்பராமாயணத்தையும் யாரும் ஒரே மூச்சில் படிப்பதில்லை. அதற்காக வீட்டில் பொறுக்குமணித் திரட்டு மட்டும் இருந்தால் போதும் என்று சொல்வோமா? எது சிறந்தது என்று பொறுக்குவதற்கே முதலில் முழுசும் கையில் இருக்க வேண்டும். 1959ல் பொறுக்கியவர்களுக்கு ஒரு கட்டம் பெரிதாகப் பட்டது. நமக்கு வேறொன்று பெரிதாகப் படலாம். நம் பேரப்பிள்ளைகளுக்கு இன்னொன்று. அவர்களுக்காக நாம் முடிவு கட்டிவிடக் கூடாது.

கடைசியாக ஒரு விஷயம். இத்தனை தட்டுகள் வந்தும், ‘பென்-ஹர்’ படத்தின் மிகப் பிரபலமான காட்சியின் இசை அவற்றில் எதிலும் கிடையாது. ரதப் போட்டியைத்தான் சொல்கிறேன். யாரும் தொலைத்துவிடவில்லை. ரோஜா எழுதவே இல்லை! போட்டிக்கு முன்னால் ரதங்கள் அணிவகுத்து வரும்போது எக்காளங்கள் முழங்குகின்றன. பந்தயம் ஆரம்பித்ததும் சங்கீதம் வாயை மூடிக்கொள்கிறது. ஏறக்குறைய ஒன்பது நிமிஷம் சக்கரமும் குளம்பும் சவுக்கும் ஜனக்கூட்டமும்தான். ‘இல்லையே, நான் கேட்டேனே!’ என்று சத்தியம் செய்கிறவர்கள் உண்டு. அவர்கள் கேட்டது தங்கள் நெஞ்சு அடித்துக்கொண்ட சத்தமாக இருக்கும்.

முழுமை என்று ஆசைப்பட்டு அந்த இடத்தில் எதையாவது இட்டு நிரப்பவும் ஆட்கள் கிடைத்திருப்பார்கள். சுருள்களைத் தேடி எடுத்தவர்கள் அப்படிச் செய்யவில்லை. அவர் எழுதியதை எல்லாம் கொடுத்தார்கள்; எழுதாத இடத்தை எழுதாத இடமாகவே விட்டுவைத்தார்கள்.

அடுத்த தடவை டெலிவிஷனிலோ வேறெங்கோ ‘பென்-ஹர்’ படத்தைப் போட்டால், தயவுசெய்து ஆரம்பத்திலேயே வந்து உட்காருங்கள். திரையில் எதுவும் நடக்காது. ஆதாமைக் கடவுள் படைக்கும் பழைய ஓவியம் ஒன்றை மட்டும் காட்டிக்கொண்டே சில நிமிஷம் சங்கீதம் ஒலிக்கும். ‘படம் எப்போது ஆரம்பிக்கும்?’ என்று கேட்டுக்கொண்டு காப்பி போட எழுந்து போய்விடாதீர்கள். அது அசல் தறியில் நெய்த புடவை.